குரலும் கூடமும்: பினாங்கு ஈன்ற பி. ரம்லியின் கலைவாழ்வு

ஜார்ஜ் டவுன் நகரின் பேராக் சாலைப் பகுதியில் ஜாலான் பி. ரம்லி என்னும் சாலை உண்டு. அச்சாலையில் மரத்தாலான எளிய வீடு ஒன்று நிற்கிறது. மலேசியத் திரையுலகின் தனிப்பெருங் கலைஞராகிய பி. ரம்லி பிறந்த வீடு அது. தேசிய ஆவணக் காப்பகம் அதனைப் பழைமை மாறாமல் புதுப்பித்து, நினைவில்லமாகப் பேணி வருகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியின் ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். படங்களையும் பழைய இசைத்தட்டுகளையும் பார்த்துக்கொண்டு வந்த பிள்ளைகளுள் ஒருவன், “ஐயா, இவர் பாடினார், பாட்டுக்கு இசையமைத்தார், நடித்தார், படத்தையும் இயக்கினார் என்கிறீர்களே, படம் எடுத்த ஸ்டூடியோவும் இவருடையதுதானா?” என்று கேட்டான். “இல்லை தம்பி” என்றேன். “ஏன் ஐயா?” என்றான் அவன். அதற்கு அன்று என்னிடம் விடையில்லை. “படித்துவிட்டுச் சொல்கிறேன்” என்று கூறி அடுத்த அறைக்கு நகர்ந்தேன். அச்சிறுவன் இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறான். அவனுக்கு நான் பட்ட கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வினைசெயல்வகை என்னும் அதிகாரத்தில் திருவள்ளுவர், ஒரு செயலைத் தொடங்குவோன் ஐயமற எண்ணிப் பார்க்க வேண்டியவை ஐந்து என்கிறார். பொருள், கருவி, காலம், வினை, இடம் என்பன அவை. கலைஞனைப் பற்றிப் பேசும்பொழுது நாம் பெரும்பாலும் வினை ஒன்றனையே, அதாவது அவனுடைய திறமையையே பேசுகிறோம். மற்ற நான்கும் யார் கையில் இருந்தன என்று கேட்பதில்லை. ரம்லியின் வரலாற்றை இந்த ஐந்தையும் மனத்திற்கொண்டு படித்தால்தான் அம்மாணவனின் கேள்விக்கு விடை கிடைக்கும்.

பிறப்பும் இளமையும்

ரம்லியின் இயற்பெயர் தெங்கு சக்காரியா. 1929ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22ஆம் நாள் பிறந்தார். தந்தையார் தெங்கு ஞாக் பூத்தே சுமத்திராவின் ஆச்சே நாட்டிலிருந்து வந்தவர், கடலோடி. தாயார் சே மா ஹுசேன் பட்டர்வொர்த்துப் பகுதியைச் சேர்ந்தவர். பிற்காலத்தில் மேடைக்கென ரம்லி என்னும் பெயரைக் கொண்டபொழுது, தந்தையார் பெயரிலுள்ள பூத்தே என்பதன் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னெழுத்தாக வைத்துக்கொண்டார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைக்கும் நம் வழக்கத்தோடு இஃது ஒத்திருப்பதைக் காணும்பொழுது, பல இனத்தாரும் அண்டை வீட்டாராக வாழ்ந்த பழைய பினாங்கு நம் நினைவுக்கு வருகிறது.

கம்போங் ஜாவா மலாய்ப் பள்ளியிலும், பிரான்சிஸ் லைட் பள்ளியிலும், பின்னர்ப் பினாங்கு பிரீ பள்ளியிலும் அவர் பயின்றார். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்களுடைய கடற்படைப் பள்ளியில் சேர்ந்து ஜப்பானியப் பாடல்களையும் கற்றார். யுக்குலேலேயில் தொடங்கிய இசையார்வம் கித்தாருக்கும் வயலினுக்கும் வளர்ந்தது. போர் முடிந்த பின்னர் கமாருடின் என்னும் இசையாசிரியரிடம் இசைக்குறியீடுகளைப் படிக்கவும் எழுதவும் கற்றுக்கொண்டார். செவிவழிப் பாடகராக மட்டும் நின்றிருந்தால் அவர் பிறர் மெட்டைப் பாடுபவராகவே இருந்திருப்பார். குறியீடு கற்றமையால் தம் மனத்தில் எழுந்த மெட்டைத் தாளில் எழுதி, பிற கலைஞர்கள் வாசிக்கத் தரும் ஆற்றல் அவருக்கு வந்தது. ஓர் ஆசிரியரின் பணி ஒரு வாழ்வை எவ்வாறு திருப்புகிறது என்பதற்கு இது சான்று.

போருக்குப்பின் பினாங்கு வானொலி நடத்திய பாட்டுப் போட்டிகளில் அவர் தொடர்ந்து கலந்துகொண்டார். முதல் இரு முயற்சிகளிலும் முதலிடம் கிட்டவில்லை. 1947இல் வென்று, வட மலாயாவின் சிறந்த பாடகர் என்னும் சிறப்பைப் பெற்றார். இருபது வயது நிரம்புமுன்பே அவர் இயற்றிய ‘அசீசா’ என்னும் பாடல் இன்றளவும் மலாய் மக்கள் நாவில் வாழ்கிறது.

இரவல் வாய்

1948ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் புக்கிட் மெர்தாஜமில் நடைபெற்ற விழா ஒன்றில் ரம்லி பாடினார். கூட்டத்தில் இந்தியாவிலிருந்து வந்த திரைப்பட இயக்குநர் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் இருந்தார். 1930களில் மலாய் மொழியின் முதற்கதைப்படமாகிய ‘லைலா மஜ்னூன்’ படத்தை இயக்கியவர் இவரே. புதிய குரல்களைத் தேடி வந்த ராஜ்ஹன்ஸ் அந்த இளைஞரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அதே ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ரம்லி பினாங்கை விட்டுப் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 19.

சிங்கப்பூரில் ஜாலான் அம்பாஸ் என்னும் தெருவில் ஷா சகோதரர்களின் மலாய்த் திரைப்பட நிறுவனம் இயங்கி வந்தது. ரம்லியின் முதற்படம் ‘சிந்தா’ (1948). அதில் அவருக்குக் கிடைத்தது எதிர்நாயகன் வேடம். அதே படத்தில் கதாநாயகன் ரூமாய் நூருக்குப் பின்னணி பாடியவரும் அவரே. திரையில் நாயகன் வாயசைக்க, திரைக்குப் பின்னின்று ரம்லியின் குரல் ஒலித்தது. குரல் அவருடையது, வாய் மற்றவருடையது. அவர் கலைவாழ்வு இவ்வாறுதான் தொடங்கிற்று.

இரண்டு ஆண்டுகளில் இந்நிலை மாறியது. 1950இல் வெளிவந்த ‘பக்தி’ என்னும் படத்தில் அவர் முதன்முறையாகக் கதாநாயகன் ஆனார். தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தார். இவ்வாய்ப்பை அவருக்கு அளித்த இயக்குநர் எல். கிருஷ்ணன், சென்னையில் பிறந்து மலாயாவில் வளர்ந்தவர். பக்தி என்னும் சொல்லும் நமக்கு அறிமுகமானதே. வடமொழியிலிருந்து வந்த அச்சொல்லுக்கு மலாய் மொழியில் தொண்டு, பணி என்னும் பொருள் வழங்குகிறது. பி. என். ராவ், எஸ். ராமநாதன், கே. எம். பாஸ்கர், பணி மஜும்தார் முதலிய இந்திய இயக்குநர்கள் பலர் ஜாலான் அம்பாஸில் பணியாற்றினர். பாட்டை இடையிடையே வைத்துக் கதை சொல்லும் முறை மலாய்ப் படங்களில் வேரூன்றியதில் இவர்களுக்குப் பங்குண்டு. நம் பாட்டன்மார் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு மறுநாள் ரம்லி படத்துக்கும் சென்றதில் வியப்பில்லை. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போன்றவை.

இயக்குநர் நாற்காலி

நடிப்போடு ரம்லி அமைதியடையவில்லை. இயக்குநர்களின் அருகிலிருந்து ஒளிப்பதிவையும் படத்தொகுப்பையும் திரைக்கதையையும் கற்றார். 1955இல் ‘பெனாரெக் பெச்சா’ என்னும் படத்தைத் தாமே இயக்கினார். பெனாரெக் பெச்சா என்பதற்கு மிதிரிக்‌ஷா ஓட்டுநர் என்பது பொருள். ஏழை ரிக்‌ஷாக்காரன் ஒருவனுக்கும் செல்வர் வீட்டுப் பெண்ணுக்கும் இடையே மலரும் அன்பே கதை. பெரும்பாலும் இந்தியரும் பிறநாட்டாரும் இயக்குநராக இருந்த நிறுவனத்தில், மண்ணின் மைந்தர் ஒருவர் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்து பெருவெற்றியும் பெற்றது அக்காலத்தில் பெருஞ்செய்தி. பினாங்கில் பிறந்த ‘அசீசா’ பாடல் இப்படத்தின் வழியாகத் திரையேறியது.

அதன்பின் சிறப்புகள் தொடர்ந்து வந்தன. பணி மஜும்தார் இயக்கிய ‘ஹங் துவா’ படத்துக்கு அமைத்த இசைக்காக 1956இல் ஹாங்காங்கில் நடைபெற்ற ஆசியத் திரைப்பட விழாவில் ரம்லி பரிசு பெற்றார். ‘அனாக்கு சசாலி’ படத்தில் தந்தையாகவும் மகனாகவும் நடித்தமைக்காக 1957இல் தோக்கியோ விழாவில் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. 1962இல் வெளிவந்த ‘இபு மெர்துவாக்கு’ படத்துக்காக, அடுத்த ஆண்டு தோக்கியோவில் பல்கலை வல்லவர் என்னும் சிறப்பு விருது அவருக்கு வழங்கப்பட்டது.

‘இபு மெர்துவாக்கு’ என்றால் ‘என் மாமியார்’ என்பது பொருள். செல்வச் செருக்குடைய தாயொருத்தி, தன் மகள் விரும்பும் இளைஞன் இசைக்கலைஞன் என்னும் ஒரே காரணத்துக்காக அவனை இழிவுபடுத்துகிறாள். மணம் முடித்த இளந்தம்பதியர் பினாங்கில் வறுமையில் உழல்கின்றனர். பாட்டுப் பாடுபவனுக்குப் பெண் கொடுப்பதா என்று கேட்ட குடும்பங்கள் நம்மிடையேயும் இருந்தன என்பதை நாம் அறிவோம். அந்த இழிவைத் தம் படத்தின் மையமாக வைத்தவர், விருதுகள் பல பெற்ற பின்னரும் அதனை உள்ளூர உணர்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

ஜாலான் அம்பாஸின் கணக்கு

இனி, மாணவனின் கேள்விக்கு வருவோம். ஜாலான் அம்பாஸ் எவ்வாறு இயங்கியது?

ஷா நிறுவனத்திடம் மூன்று உறுப்புகள் இருந்தன. படப்பிடிப்பு நிலையம் ஒன்று. அங்கு எடுத்த படங்களை ஊர்தோறும் அனுப்பும் வினியோகப் பிரிவு மற்றொன்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பரவியிருந்த திரையரங்குகள் மூன்றாவது. எடுப்பவரும் அனுப்புபவரும் திரையிடுபவரும் ஒருவரே. நடிகர், பாடகர், இயக்குநர், ஒளிப்பதிவாளர் அனைவரும் ஒப்பந்தத்தின்கீழ்ச் சம்பளம் பெறும் பணியாளர்கள். இம்முறையில் நன்மையும் இருந்தது. படம் தோற்றாலும் கலைஞனுக்குச் சம்பளம் உண்டு. கருவிகளைப் பற்றியோ மூலதனத்தைப் பற்றியோ அவன் கவலைப்பட வேண்டியதில்லை. பத்தொன்பது வயதில் கையில் ஒன்றுமில்லாமல் பினாங்கிலிருந்து சென்ற இளைஞனுக்கு இந்நிலையம் இல்லையேல் திரையே இல்லை. இதனை மறந்து பேசுவது நன்றிக்கேடாகும்.

ஆயினும் படம் வென்றபொழுது அதன் உரிமை யாரிடம் நின்றது? எடுத்த நிறுவனத்திடமே நின்றது. ரம்லிக்கு வினை இருந்தது, காலமும் துணைநின்றது. பொருளும் கருவியும் இடமும் பிறருடையவை.

இதனை ரம்லி உணரவில்லை என்று கருதுவது தவறு. மலாயாக் கலைஞர்களின் சங்கமாகிய பெர்சாமா 1954இல் தோன்றியபொழுது அவர் அதன் தலைவரானார். ஊதியமும் பணிநிலையும் குறித்த பிணக்கு முற்றி, 1957இல் ஜாலான் அம்பாஸ் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். திரையில் அரசராகவும் வீரராகவும் தோன்றியவர்கள் நிலைய வாயிலில் தொழிலாளராய் நின்ற காட்சியை மக்கள் கண்டனர். அடுத்த சில ஆண்டுகளில், 1961இல், ரம்லி ‘செனிமான் புஜாங் லாப்போக்’ என்னும் நகைச்சுவைப் படத்தை எடுத்தார். நடிகராகும் ஆசையோடு ஜாலான் அம்பாஸ் நிலையத்துக்கே வாய்ப்புத் தேடிச் செல்லும் மூன்று இளைஞர்களின் கதை அது. தாம் பணிபுரிந்த நிலையத்தையே திரையில் காட்டி, அதனைப் பார்த்து மக்களைச் சிரிக்க வைத்தார். அச்சிரிப்பினுள் சிறிது கசப்பும் கலந்திருப்பதைக் கூர்ந்து பார்ப்போர் உணர்வர்.

கோலாலம்பூர் ஆண்டுகள்

1960களில் மலாய்த் திரையுலகின் நிலை தளர்ந்தது. 1963இல் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தொலைக்காட்சி வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய இந்தோனேசிய எதிர்ப்பியக்கத்தால் அந்நாட்டுச் சந்தை அடைபட்டது. ஹாங்காங், இந்திய, மேனாட்டு வண்ணப் படங்கள் திரையரங்குகளை நிறைத்தன. 1967இல் ஜாலான் அம்பாஸ் நிலையம் மூடப்பட்டது. நிலையத்தைப் பிறர் திறந்ததுபோலவே, மூடியவரும் பிறரே. அங்கு வாழ்வைக் கழித்த கலைஞர்களுக்கு அம்முடிவில் பங்கில்லை.

ரம்லி அதற்கு முன்பே, 1964இல், கோலாலம்பூர் சென்று உலு கிளாங்கிலிருந்த மெர்டேக்கா நிலையத்தில் பணியாற்றத் தொடங்கினார். சிங்கப்பூரில் உடனிருந்த தேர்ந்த தொழில்நுட்பக் குழுவும் வசதிகளும் அங்கு அவ்வளவாக இல்லை. ஆயினும் படங்களை எடுத்துக்கொண்டே இருந்தார். அவற்றுள் இரண்டை நாம் சிறப்பாக அறிய வேண்டும். 1965இல் வெளிவந்த ‘மாசாம் மாசாம் மானிஸ்’ படத்தில் அவர் ஏற்றது ஆசிரியர் வேடம். பகலில் பள்ளியில் பாடம் நடத்தி, இரவில் கேளிக்கை விடுதியில் பாடும் ஆசிரியர். 1968இல் வெளிவந்த ‘கெரிமிஸ்’ படத்தில், மலாய் ஓவியன் ஒருவனும் லீலா என்னும் இந்தியப் பெண்ணும் காதல் கொள்கின்றனர். இரு வீட்டாரும் எதிர்க்கின்றனர். லீலாவாக நடித்தவர் சந்திரா சண்முகம். இனங்களுக்கிடையிலான மணத்தை அக்காலத்தில் வெளிப்படையாகப் பேசிய துணிவுக்காகவே இப்படத்தை நம் மாணவர்க்கு அறிமுகப்படுத்தலாம்.

ஆயினும் மக்களின் நாட்டம் மாறிவிட்டது. உலகமெங்கும் வண்ணப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தபொழுது, ரம்லி இயக்கிய படங்கள் இறுதிவரை கறுப்பு வெள்ளையிலேயே வந்தன. வண்ணத்துக்குரிய பொருளையும் கருவியையும் முடிவு செய்யும் உரிமை அவரிடம் இல்லை. 1972இல் வெளிவந்த ‘லக்சமானா டோ ரே மி’ அவர் இயக்கிய கடைசிப் படம் ஆயிற்று. அக்காலத்தில்தான், நண்பர்கள் சிலருடன் சேர்ந்து பெர்ஃபிமா என்னும் திரைப்பட நிறுவனத்தை உருவாக்கும் முயற்சியில் அவர் ஈடுபட்டார். கலைஞர்கள் தாமே தயாரிப்பாளராக வேண்டும் என்னும் நோக்கம் அப்பொழுதுதான் உருப்பெறத் தொடங்கியது. அந்நிறுவனத்துக்காக ஒரு படமேனும் இயக்குமுன், 1973ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் மாரடைப்பால் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது 44 மட்டுமே.

அவர் மறைந்தபின் நாடு அவரைப் போற்றியது. 1982இல் கோலாலம்பூரின் முதன்மைச் சாலை ஒன்று அவர் பெயர் பெற்றது. 1986இல் செத்தாப்பாக்கில் அவர் வாழ்ந்த வீடு நினைவகமாயிற்று. 1990இல் டான் ஸ்ரீ பட்டம் வழங்கப்பட்டது. அறுபதுக்கும் மேற்பட்ட படங்களிலும் நூற்றுக்கணக்கான பாடல்களிலும் உழைத்தவர், இச்சிறப்புகளுள் ஒன்றனையும் கண்ணால் காணவில்லை.

சென்னையில் மூவர்

உரிமை இருந்திருந்தால் ரம்லியின் வாழ்வு வேறாக அமைந்திருக்குமா? இதற்கு விடை தேட, அதே காலத்தில் சென்னைத் திரையுலகில் பாடிப் புகழ்பெற்றவர்களின் வரலாற்றை ஒப்புநோக்குவது பயன் தரும். பினாங்குத் தமிழர் அவர்களையும் தம் வீட்டாராகவே கருதி வந்துள்ளனர்.

முதலாமவர் எம். கே. தியாகராஜ பாகவதர். 1940களின் தொடக்கத்தில் அவர் பெற்ற புகழ் தமிழ்த் திரையில் அதற்குமுன் எவரும் பெறாதது. சிறைவாசம் முடிந்து 1947இல் வெளிவந்தபின், சொந்தத் தயாரிப்பாக ‘ராஜமுக்தி’ (1948) படத்தை எடுத்தார். அது வெற்றி பெறவில்லை. பின்னர் வந்த படங்களும் பழைய நிலையை மீட்டுத் தரவில்லை. 1959இல் மறைந்தார். பொருளைத் தாமே இட்டவர் நட்டத்தையும் தாமே சுமக்க வேண்டும் என்பது அவர் வாழ்வு கூறும் பாடம்.

இரண்டாமவர் பி. பானுமதி. 1925இல் ஆந்திரத்தில் ஓங்கோல் அருகே பிறந்து, 1939இல் திரைக்கு வந்தவர். தம் பாடல்களைத் தாமே பாடி நடித்தவர். இசையமைத்தார், கதைகள் எழுதினார். கணவர் பி. எஸ். ராமகிருஷ்ண ராவுடன் சேர்ந்து, மகன் பரணியின் பெயரால் பரணி பிக்சர்ஸ் என்னும் நிறுவனத்தை 1940களிலேயே தொடங்கினார். 1953இல் ‘சண்டிராணி’ படத்தைத் தமிழ், தெலுங்கு, இந்தி ஆகிய மூன்று மொழிகளிலும் தாமே இயக்கினார். பின்னர்ச் சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோ எழுந்தது. 1956இல் வெளிவந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ படத்தில் பானுமதி ஆடிப் பாடியதை நம் முன்னோர் கண்டு மகிழ்ந்தனர். அதே கதையை 1961இல் ரம்லி தம் போக்கில் ‘அலி பாபா புஜாங் லாப்போக்’ என்று நகைச்சுவையாக்கினார். ஒருவர் தம் பெயரில் நிலையம் உடையவர். மற்றவர் பிறர் நிலையத்தில் ஊழியர். பானுமதி நடிப்பதா வேண்டாவா, எப்பொழுது, எவருடன் என்பவற்றைத் தாமே முடிவு செய்யும் நிலையில் இருந்தார். 2005இல், எண்பது வயதில், அவர் மறைந்தபொழுது பெயரும் இருந்தது, நிலையமும் இருந்தது. அவருக்கு அது தனிமுயற்சியால் மட்டும் அமைந்ததன்று. கணவரும் திரைத்தொழில் அறிந்தவர். வரவுசெலவை உடனிருந்து பார்த்தவர். ரம்லிக்கு அத்தகைய துணையோ, பல நிலையங்கள் போட்டியிடும் சென்னை போன்ற களமோ அமையவில்லை.

மூன்றாமவர் நம் காலத்தவராகிய ஏ. ஆர். ரகுமான். 1992இல் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றை அமைத்தார். அதே ஆண்டில் ‘ரோஜா’ வெளிவந்தது. இரவில் வேண்டியபொழுது பதிவு செய்யவும், பிடிக்காததை அழித்து மீண்டும் செய்யவும் அக்கூடம் அவருக்கு உரிமை தந்தது. பாடகராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கியவர், பின்னர்ப் பெரிய கூடங்களை அமைத்தார். 2008இல் இசைக்கல்லூரி தொடங்கினார். 2021இல் வெளிவந்த ‘99 சாங்ஸ்’ படத்தின் தயாரிப்பாளரும் ஆனார். கூடத்தை முதலிலேயே கட்டிவிட்டு அதன்மேல் புகழைக் கட்டிய வாழ்வு அது.

இம்மூவரையும் ரம்லியோடு சேர்த்துப் பார்க்கும்பொழுது ஒன்று தெளிவாகிறது. உரிமை வெற்றிக்கு உறுதி அளிப்பதில்லை. பாகவதரே அதற்குச் சான்று. ஆனால் எதை எடுப்பது, எவ்வாறு எடுப்பது, எப்பொழுது நிறுத்துவது என்னும் முடிவுகள் உரிமையுடையவர் கையிலேயே இருக்கும். ரம்லியின் வாழ்வில் அம்முடிவுகளை எடுத்தவர் வேறொருவர்.

வகுப்பறைக்கு வருவோம்

இக்கதை நமக்கு எதற்கு என்று ஆசிரியர் சிலர் கேட்கலாம். என் பழைய மாணவன் ஒருவனைப் பற்றிக் கூறுகிறேன். பள்ளி விழாக்களில் அவன் பாடினால் தோட்டத்துப் பாட்டிமார் கண்கலங்குவர். வளர்ந்த பின் தானே எழுதி மெட்டமைத்த பாடல்களை ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவு செய்தான். அவர்கள் நீட்டிய தாளைப் படிக்காமலே கையொப்பமிட்டான். சில ஆண்டுகளுக்குப் பின் தன் பாடலைத் தானே மறுபடி வெளியிட விரும்பியபொழுது, அதற்கு உரிமை இல்லை என்று அவனிடம் கூறப்பட்டது. “ஐயா, நீங்கள் யாப்பும் இலக்கணமும் சொல்லிக் கொடுத்தீர்கள், ஒப்பந்தம் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லையே” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நம் நாட்டில் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. பாடல் வரிகளும் மெட்டும் பொதுவாக அவற்றை ஆக்கியோர்க்கே முதலில் உரியவை. அவ்வுரிமை ஆக்கியோரின் வாழ்நாளும் அதன்மேல் 50 ஆண்டுகளும் நிற்கும். ஒலிப்பதிவின் உரிமை வேறு. பாடலின் உரிமை வேறு. ஆனால் ஒருவர் ஊழியராகப் பணிபுரியும்பொழுது ஆக்கியதும், பிறர் கூலி கொடுத்து ஆக்கச் சொன்னதும், வேறு உடன்பாடு இல்லையெனில், முதலாளிக்கோ ஆக்கச் சொன்னவருக்கோ சென்றுவிடும். ‘வேறு உடன்பாடு இல்லையெனில்’ என்னும் அச்சிறு தொடரில்தான் கலைஞனின் பிற்கால வாழ்வு அடங்கியிருக்கிறது. இதனை ஒரு பாடவேளையில் விளக்கிவிடலாம். கடிதம் எழுதவும் விண்ணப்பம் நிரப்பவும் கற்பிக்கும் நாம், கையொப்பமிடுமுன் படிக்கவும் கற்பிக்கலாம் அல்லவா?

இன்று கூடம் அமைப்பது 1948இல் இருந்ததுபோல் பெருஞ்செல்வரின் செயலன்று. கணினி ஒன்றும் ஒலிவாங்கி ஒன்றும் இருந்தால், ஓர் அறையே ஒலிப்பதிவுக் கூடமாகிவிடுகிறது. யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டு, மலேசியத் தமிழ் இசை கடல் கடந்தும் ஒலிக்கும் என்று காட்டினர். கருவியும் இடமும் எளிதில் கிடைக்கும் இக்காலத்தில், அறிவுக்குறையால் உரிமையை இழப்பது நம் பிள்ளைகளுக்கு நேரக்கூடாது.

அண்மையில் அந்நினைவில்லத்துக்கு மீண்டும் சென்றேன். அறைகளில் கூட்டமில்லை. எங்கிருந்தோ ரம்லியின் பழைய பாடல் ஒன்று மெல்ல ஒலித்துக்கொண்டிருந்தது. தந்தை கட்டிய அவ்வீட்டில் பிறந்து, பிறர் கட்டிய நிலையங்களில் ஆயுளைக் கழித்த ஒருவரின் குரல் அது.

தம்பி, நீ கேட்ட கேள்விக்கு விடை இதுதான். அந்த ஸ்டூடியோ அவருடையதன்று. அவரிடம் திறமை குறைந்ததால் அவ்வாறு நேரவில்லை. திறமையைத் தவிர மற்ற நான்கும் கலைஞனுக்கு வேண்டாதவை என்று அக்காலம் எண்ணியது. சொந்தமாகத் தொடங்க அவர் முனைந்தபொழுது காலமும் கடந்துவிட்டது. நீ பாடுவாயோ, படம் எடுப்பாயோ, நான் அறியேன். எது செய்தாலும் உன் பெயரை எழுதுமுன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துவிடு.